எழுத்துரு வடிவமைப்பை முதுகலையாகப் படிக்கலாமா? ரெடிங், தி ஹேக், அல்லது ஊரிலிருந்தே கற்பது

வளவன் (கோயம்புத்தூர்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். காட்சித் தொடர்பியலில் இளங்கலை முடித்துவிட்டு, ஐந்து ஆண்டுகளாக ஒரு பதிப்பகத்தில் நூல் வடிவமைப்பாளராக இருக்கிறேன். ஆண்டுக்கு முப்பது நாற்பது நூல்கள் என் கைவழியே அச்சுக்குப் போகின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றை அதே நான்கைந்து தமிழ் எழுத்துருக்களில்தான் அமைக்க வேண்டியிருக்கிறது என்ற மனக்குறையால், மூன்று ஆண்டுகளுக்கு முன் நானே ஒரு நூலெழுத்துருவை வரையத் தொடங்கினேன். முதலில் ஃபாண்ட்ஃபோர்ஜிலும் பின்னர் கிளிஃப்ஸ் மென்பொருளிலும் வேலை செய்து, இன்று ஏறத்தாழ முழு எழுத்துத் தொகுதியும் கையில் இருக்கிறது.

திரையில் பெரிதாக வைத்துப் பார்க்கும்போது ஒவ்வோர் எழுத்தும் எனக்கு நிறைவாகவே தெரிகிறது. ஆனால் 10 பாயிண்டில் ஒரு பக்கம் அச்சிட்டால் ண, ஞ, ணு, னூ ஆகியவை கருந்திட்டுகளாகவும் ப, ட, ர ஆகியவை வெளிறியும் விழுகின்றன. சுழிகளின் கோட்டை மெலிதாக்கினால், அந்த எழுத்துகள் வேறோர் எழுத்துருவிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டவைபோல் ஆகிவிடுகின்றன. பிழை எங்கே என்று சுட்டிக்காட்ட என்னைச் சுற்றி ஒருவரும் இல்லை. இணையப் பாடங்கள் எல்லாம் ஆங்கிலம் எழுதப் பயன்படும் லத்தீன் எழுத்தைப் பற்றியே பேசுகின்றன.

இந்த நிலையில், வேலையை விட்டுவிட்டு இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் எழுத்துரு வடிவமைப்பு முதுகலை படிக்கலாமா என்று யோசிக்கிறேன். ஓராண்டுப் படிப்பு எனக்கு உண்மையில் எதைத் தரும்? தமிழ் படிக்கத் தெரியாத ஆசிரியர்கள் என் தமிழ் எழுத்தை எப்படி மதிப்பிடுவார்கள்? படித்தவர்களும் படிக்காமலே இத்துறையில் நிலைபெற்றவர்களும் சொல்வதைக் கேட்க விரும்புகிறேன்.

மீனாட்சி (சென்னை) எழுதியது:

வளவன், நான் அந்தப் படிப்பை முடித்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. உங்கள் கேள்வியில் நீங்கள் விவரித்திருக்கும் கருந்திட்டுகளோடுதான் நானும் அங்கே போய்ச் சேர்ந்தேன் என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ரெடிங்கில் அச்செழுத்துக்கலைக்கென்று தனித்துறை 1974-இல் மைக்கேல் ட்வைமனால் நிறுவப்பட்டது. எழுத்துரு வடிவமைப்பு முதுகலை 1999-இல் தொடங்கியது. ஓராண்டுக்குள் ஓர் எழுத்துருக் குடும்பத்தை வரைய வேண்டும். அதை ஏன் அப்படி வரைந்தோம் என்று விளக்கி எழுத வேண்டும். தனியாக ஓர் ஆய்வுக் கட்டுரையும் எழுத வேண்டும். எழுத்துருக் குடும்பம் லத்தீனோடு நின்றுவிடாமல் இன்னோர் எழுத்துமுறையையும் கொண்டிருக்க வேண்டும் என்பதுதான் அந்தப் படிப்பின் தனித்தன்மை. ஓர் ஆண்டு என்பது கேட்பதற்கு நீண்டதாகத் தோன்றினாலும், வரைவதும் எழுதுவதும் ஒன்றையொன்று நெருக்கும்போது அது மிகக் குறுகிய காலம்.

தமிழ் தெரியாதவர்கள் எப்படி மதிப்பிடுவார்கள் என்பது நியாயமான ஐயம். என் அனுபவத்தில் அவர்கள் செய்தது ஒன்றுதான்: “இந்தக் கோடு ஏன் இங்கே தடிக்கிறது? எதைப் பார்த்து இந்த முடிவுக்கு வந்தாய்?” என்று ஒவ்வொரு வாரமும் கேட்டார்கள். முதல் மாதம் எனக்குப் பதில் இல்லை. தமிழ் பிறந்தது முதல் என் கண்ணில் பட்டிருக்கிறது, ஆகவே எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். தமிழைப் படிக்கத் தெரிவது வேறு, தமிழ் எழுத்தின் உருவம் எவ்வாறு இன்றைய நிலைக்கு வந்தது என்று தெரிவது வேறு என்பதை அந்தக் கேள்விகள்தாம் எனக்கு உணர்த்தின.

கோட்டின் தடிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். லத்தீன் எழுத்தின் தடிப்பும் மெலிவும் பட்டைமுனைப் பேனாவிலிருந்து வந்தவை. நம் எழுத்தோ ஓலையில் எழுத்தாணியால் கீறி, மையைத் தேய்த்துப் படித்த எழுத்து. அந்தக் கீறலில் தடிப்பு மெலிவு வேறுபாடு கிடையாது. அச்சு வந்த பிறகுதான், உலோக எழுத்து வெட்டியவர்கள் தமிழுக்குத் தடிப்பைக் கொண்டுவந்தார்கள். எனவே தமிழில் எந்தக் கோடு தடிக்க வேண்டும் என்பதற்குக் கைப்பழக்கம் விடை சொல்லாது. பழைய அச்சு நூல்களை வரிசையாக வைத்துப் பார்த்து, ஒவ்வொரு காலத்திலும் வாசகர்கள் எதற்குப் பழகியிருந்தார்கள் என்று கண்டறிந்துதான் முடிவெடுக்க முடியும். நான் முதலில் வரைந்த தமிழில், லத்தீன் விதிப்படி நெடுங்கோடுகளை எல்லாம் தடித்துவிட்டிருந்தேன். அது தமிழ் உடுத்திய லத்தீனாக இருந்தது.

பழைய சான்றுகளைப் பார்ப்பதற்குத்தான் ரெடிங்கின் ஆவணத் தொகுப்பு. அச்சுக்கோப்பு இயந்திரங்கள் செய்த லைனோடைப் நிறுவனத்தின் பிரிட்டிஷ் கிளை லத்தீன் அல்லாத எழுத்துகளுக்காக வரைந்த தாள்கள் அங்கே பாதுகாக்கப்படுகின்றன. அந்நிறுவனத்தில் அப்பிரிவை நடத்திய ஃபியோனா ராஸ் பின்னாளில் ரெடிங்கில் ஆசிரியரானார். ஆனந்தபசார் பத்திரிகைக்காக டிம் ஹாலோவேயோடு சேர்ந்து அவர் உருவாக்கிய வங்காள எழுத்துரு, இந்திய எழுத்துரு வரலாற்றில் ஒரு திருப்புமுனை. ஒரே எழுத்து எத்தனை முறை திருத்தப்பட்டிருக்கிறது என்பதைப் பென்சில் கோட்டிலேயே கண்டபோது, என் எழுத்துகளை நான் எவ்வளவு சீக்கிரம் “முடிந்தது” என்று ஒதுக்கிவிட்டேன் என்பது புரிந்தது.

இப்போது உங்கள் கருந்திட்டுகள். எங்களை ஆண்ட்வெர்ப் நகரில் உள்ள பிளாண்டின்-மொரேட்டஸ் அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்றார்கள். உலகில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய அச்சு இயந்திரங்கள் இரண்டும், பதினாறாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு எழுத்து வெட்டுநரான கராமோன் போன்றோர் வெட்டிய எஃகு முத்திரைகளும் அங்கே இருக்கின்றன. அக்காலத்து எழுத்து வெட்டுநர் பல எழுத்துகளுக்கு வெளிக்கோட்டை முதலில் வெட்டவில்லை. எழுத்தின் உள்ளே இருக்கும் வெற்றிடத்தின் வடிவில் ஒரு தனி முத்திரை செய்து, அதை எஃகில் அடித்து இறக்கி, உள்வெளியை உருவாக்கிய பிறகுதான் வெளிப்புறத்தைச் சீவினார். உள்வெளி முதலில், கோடு பிறகு. திரையில் நாம் செய்வது இதற்கு நேர் எதிரானது. கோட்டை வரைகிறோம், உள்வெளி மிச்சமாக விழுகிறது.

ஊர் திரும்பியதும் என் ண-வை அழித்துவிட்டு, அதன் சுழிகளுக்குள் இருக்கும் வெள்ளையை முதலில் வரைந்தேன். சுழிகள் பெரிதாகின, எழுத்து அகன்றது, கோட்டின் கனத்தை மிகச் சிறிதளவே குறைக்க வேண்டியிருந்தது. உங்கள் எழுத்துருவிலும் கோட்டை மெலிதாக்குவதற்கு முன் ண, ஞ ஆகியவற்றுக்கு வேண்டிய அகலத்தைக் கொடுத்துப் பாருங்கள். நெருக்கமான எழுத்துகளின் அகலத்தையும் இடைவெளியையும் முதலில் முடிவு செய்துவிட்டு, ப, ட, ர போன்ற திறந்த எழுத்துகளை அவற்றுக்கு ஏற்பச் சற்று ஒடுக்க வேண்டும். எல்லோரும் ப-வில் தொடங்குவதால் ண-வுக்கு எப்போதும் இடம் போதாமல் போகிறது.

உகர ஊகார வரிசைகளையும் இதே கண்ணோடு பாருங்கள். பதினெட்டு மெய்களுக்கும் இரண்டு வீதம் முப்பத்தாறு வடிவங்களைத் தனித்தனியே வரைய வேண்டியிருக்கிறது. கு, மு, ரு ஒரு விதம். பு, வு, சு ஒரு விதம். ணு, து, னு இன்னொரு விதம். லத்தீனில் இதற்கு இணையான சிக்கல் இல்லை என்பதால், இதற்கான விடையை எந்த ஆசிரியரும் கையில் வைத்திருக்கவில்லை. நான் வரைந்து, சுவரில் ஒட்டி, கிரேக்கமும் அரபும் வரையும் சக மாணவர்கள் “இந்த எழுத்து மட்டும் வரியிலிருந்து கீழே விழுவதுபோல் இருக்கிறது” என்று சொல்ல, மறுபடியும் வரைந்தேன். மொழி தெரியாத கண் சில நேரங்களில் பொருளால் திசைதிரும்பாமல் வடிவத்தை மட்டுமே பார்க்கும்.

இங்கே ஒரு சான்று சொல்ல வேண்டும். பிரேசில் நாட்டவரான ஃபெர்னாண்டோ மெல்லோ ரெடிங்கில் தமிழைத் தேர்ந்தெடுத்து ஃப்ரிடா என்ற எழுத்துருவை வரைந்தார். தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாத ஒருவர் சான்றுகளை மட்டும் துணையாகக் கொண்டு அவ்வளவு தூரம் வர முடியுமென்றால், தாய்மொழியும் சான்றும் சேர்ந்தால் எவ்வளவு செய்யலாம் என்று அப்போது எனக்குத் தோன்றியது. கேட்டமரன் எழுத்துருவை உருவாக்கிய பிரியா இரவிச்சந்திரனும் அங்கே படித்தவர்தான்.

மென்பொருளைக் கற்றுக்கொள்வதற்காக மட்டும் போகாதீர்கள். அதை நீங்கள் ஏற்கெனவே அறிந்திருக்கிறீர்கள்.

சிவரஞ்சன் (யாழ்ப்பாணம்) எழுதியது:

மீனாட்சி அவர்கள் எழுதியதை மதிக்கிறேன். எனினும் பல்கலைக்கழகம் போகாமல் பதினோரு வருடங்களாக இத்தொழிலையே செய்து வருபவன் என்ற வகையில் மறுபக்கத்தையும் பதிவு செய்வது என் கடமை.

தமிழ் எழுத்துருவில் இன்று நாம் அதிகம் பயன்படுத்துபவற்றைச் செய்தவர்கள் எல்லோரும் முதுகலைப் பட்டத்தோடு வந்தவர்கள் அல்லர். ஆப்பிள் கருவிகளில் உள்ள இணைமதியும் தமிழ் சங்கம் எம்என் எழுத்துருவும் மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறனின் ஆக்கங்கள். அவர் கணினித் துறை வழியாக எழுத்துக்கு வந்தவர். விண்டோஸில் நெடுங்காலம் நாம் பார்த்த லதா எழுத்துருவை உருவாக்கிய ஆர். கே. ஜோஷி, கையெழுத்துக் கலையிலிருந்து வந்து மும்பை ஐஐடியின் வடிவமைப்புப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். எங்கள் நாட்டின் தாரிக் அஸீஸ் வரைந்த பவனம், கவிவனார் ஆகிய இரண்டையும் கூகுள் எழுத்துருத் தொகுப்பில் எவரும் இலவசமாகப் பெறலாம்.

இலவசமாகப் பெறலாம் என்பதோடு நிற்காமல் அவற்றைத் திறந்தும் பார்க்கலாம் என்பதுதான் எனக்குப் பல்கலைக்கழகமாக அமைந்தது. முக்த மலர், அனெக் தமிழ், ஹிந்த் மதுரை ஆகியவை திறந்த உரிமத்தில் இருக்கின்றன. ஒற்றைக்கொம்பு மெய்க்கு முன்னால் வந்து நிற்பதற்கு எழுத்துருவும், எழுத்துகளைத் திரையில் அடுக்கும் ஹார்ஃப்பஸ் போன்ற நிரலும் எவ்வாறு வேலையைப் பகிர்ந்துகொள்கின்றன, டி, டீ ஆகியவற்றுக்கு ஏன் தனி வடிவம் தேவைப்படுகிறது, புள்ளியை ஒவ்வொரு மெய்யின் மேலும் எங்கே நிறுத்துவது என்பவற்றை எல்லாம் அந்தக் கோப்புகளைப் பிரித்துப் பார்த்தே கற்றேன்.

பழைய நூல்களைப் பார்க்க ரெடிங்வரை போக வேண்டியதில்லை என்றும் நினைக்கிறேன். சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்த நூல்களிலிருந்து எழுந்த அந்தத் தொகுப்பைவிடத் தமிழ் அச்சு வரலாற்றுக்கு நல்ல வகுப்பறை எனக்குத் தெரியாது. ஈழத்து அச்சு நூல்களுக்கு நூலகம் இணையத்தளம் இருக்கிறது. முழு ஆண்டும் போக இயலாதவர்களுக்காக ரெடிங் பல்கலைக்கழகமே கோடைகாலத்தில் ஒரு குறுகிய காலத் தீவிரப் பயிற்சியை நடத்தி வருகிறது. இந்தியாவிலேயே படிக்க விரும்பினால், சீட் (CEED) என்ற நுழைவுத்தேர்வை எழுதி மும்பை ஐஐடியின் வடிவமைப்புப் பள்ளிக்குப் போகலாம். 2008 முதல் டைப்போகிராஃபி டே என்ற கூடலை நடத்திவருவதும் அவர்கள்தாம்.

போவதென்று முடிவெடுத்தால், ஒரு சிறு ஆலோசனை. இரண்டாம் எழுத்துமுறையாகத் தமிழை எடுப்பதோடு நில்லாமல் சிங்களத்தையும் சேர்ப்பது பற்றி யோசியுங்கள். எங்கள் நாட்டில் பெயர்ப்பலகை என்றால் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று எழுத்துகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். தமிழ்ச் சொல் நீளமானது என்பதால் அதைப் பக்கவாட்டில் நசுக்கிப் பலகைக்குள் அடக்கிவிடுகிறார்கள். மூன்றும் ஒரே கண்ணால் வரையப்பட்ட ஓர் எழுத்துரு, அதிலும் தமிழுக்கு நசுக்கப்படாத குறுகிய வடிவம் கொண்ட ஒன்று, இங்கே பெரும் உதவியாக இருக்கும்.

பெரியசாமி (மதுரை) எழுதியது:

வளவன் தம்பிக்கு, நான் படித்தவன் இல்லை. பதினாறு வயதில் அச்சகத்தில் சேர்ந்து இருபத்திரண்டு ஆண்டுகள் எழுத்துக் கோத்தவன். நீங்கள் சொல்லும் திட்டு எங்களுக்கும் இருந்தது, அதன் காரணம் வேறு.

ஈய எழுத்தில் மை கொஞ்சம் கூடினாலோ காகிதம் மட்டமாக இருந்தாலோ ண, ஞ, ணை எல்லாம் அடைத்துக்கொள்ளும். அதைத் தெரிந்துதான் நல்ல வார்ப்படக்காரர்கள் சுழியை அகலமாகவும் கோட்டை ஒல்லியாகவும் வைத்திருப்பார்கள். அச்சில் மை பரவியதும் கோடு சரியான கனத்துக்கு வந்து நிற்கும். இன்று பழைய புத்தகத்தை ஸ்கேன் செய்து அதன்மேல் கோடு வரைகிறவர்கள், பரவிய மையையும் சேர்த்து வரைந்துவிடுகிறார்கள். பிறகு அதை ஆஃப்செட்டில் ஓட்டினால் எழுத்து கனத்துத்தான் தெரியும். பழைய நூலைப் பார்க்கும்போது, முடிந்தால் அதை அச்சிட்ட ஈய எழுத்தையும் ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள்.

இன்னொன்று. பெரியார் சொன்ன எழுத்துச் சீர்திருத்தத்தை 1978-இல் தமிழ்நாடு அரசு ஆணையாக்கியபோது நான் வேலையில் இருந்தேன். துதிக்கை போட்ட ணை, லை, ளை, னை, சுழித்துக்கொண்டு நின்ற ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகாரம் என்று பதின்மூன்று எழுத்துகள் மாறின. எங்களுக்கு அது பெரிய விடுதலை. ஈய எழுத்துகளைப் போட்டுவைக்கும் கேஸில் தனித்தனி அறைகள் குறைந்தன, இருக்கிற கொம்பையும் காலையும் சேர்த்துக் கோத்தால் போதும் என்றாயிற்று. ஆனால் துதிக்கை லை ஓர் எழுத்தின் அகலத்தில் அடங்கியது. புது லை இரண்டு எழுத்தின் அகலத்தை எடுத்துக்கொண்டது. “இல்லை”, “வேலை” என்று வருகிற ஒவ்வோர் இடத்திலும் வரி நீண்டது. நீங்கள் வரையும் எழுத்துருவில் இணைக்கொம்பை எவ்வளவு ஒடுக்கமாக, ஆனால் படிக்கும்படி வைக்கிறீர்கள் என்பதில் புத்தகத்தின் பக்கக் கணக்கே மாறும்.

கி, மி ஆகியவற்றின் மேல்விலங்கு எழுத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டு இருந்தால், ஈயத்தில் அது அடுத்த எழுத்தின் தோளில் உட்கார்ந்து அழுத்தத்தில் உடைந்துபோகும். அதற்குப் பயந்தே பல எழுத்துகளில் விலங்கைக் குறுக்கினார்கள். உங்களுக்கு அந்தப் பயம் இல்லை. தாராளமாக நீட்டலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஔகாரக் குறியையும் ள என்ற எழுத்தையும் ஒன்றுபோலவே வரைவதால், “கௌ” என்று கோத்ததை “கெள” என்று படிக்கிறவர்கள் உண்டு; அப்படியே கோத்துவிடுகிறவர்களும் உண்டு. பிழை திருத்துகிறவர் கண்ணுக்கும் அது தப்பிவிடும். குறியைக் கொஞ்சம் சிறிதாக்கி, மெய்யோடு ஒட்டி நிறுத்துங்கள் தம்பி.

வளவன் எழுதியது:

பெரியசாமி ஐயா, பழைய புத்தகத்தின் மேல் கோடு வரைந்தவர்களில் நானும் ஒருவன். என் எழுத்துருவின் அடிப்படை, 1950-களில் அச்சான ஒரு நூலின் ஸ்கேன்தான். இப்போது எழுத்தின் கனத்தை முழுதாக மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று புரிகிறது. ஔகாரக் குறியை இன்றே மாற்றினேன்.

மீனாட்சி அவர்களுக்கும் சிவரஞ்சன் அவர்களுக்கும் நன்றி. இன்னும் இரண்டு கேள்விகள் எஞ்சியிருக்கின்றன. நான் வரையும் லத்தீன் எழுத்து மிகவும் பலவீனமானது. அதனால் விண்ணப்பம் தள்ளப்படுமா? நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் உள்ள ராயல் அகாடமியின் டைப் அண்ட் மீடியா படிப்பு, ரெடிங்கிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

ஆதிரை (ஆம்ஸ்டர்டாம்) எழுதியது:

நான் தி ஹேக்கில் படித்தவள். அதுவும் ஓராண்டு முதுகலைதான். வகுப்புக்குப் பன்னிரண்டு பேர் அளவில்தான் சேர்த்துக்கொள்கிறார்கள். ரெடிங் நூலகத்திலிருந்து தொடங்குகிறது என்றால், தி ஹேக் கையிலிருந்து தொடங்குகிறது. முதல் பாதியில் பட்டைமுனைப் பேனாவால் எழுதினோம், கல்லில் எழுத்து வெட்டினோம், பழைய எழுத்துரு ஒன்றை மீட்டுருவாக்கினோம், பைத்தான் நிரல் எழுதக் கற்றோம். இரண்டாம் பாதி முழுவதும் சொந்த எழுத்துருவுக்கு. பைத்தான் அங்கே ஒட்டாத பாடமாகத் தோன்றலாம். ஆனால் அந்த மொழியை உருவாக்கிய கைடோ வான் ரோசமின் தம்பி ஜஸ்ட் வான் ரோசம், அதே அகாடமியில் படித்த எழுத்துரு வடிவமைப்பாளர். எழுத்துருவைக் கையால் மட்டும் செய்யாமல் நிரலாலும் செய்யும் வழக்கம் அந்த வட்டத்தில் வேரூன்றியதற்கு அவரும் எரிக் வான் பிளாக்லாண்டும் முக்கியக் காரணம்.

அங்கே 1990 வரை கற்பித்த கெரிட் நூர்ட்சையின் கொள்கை இன்றும் அந்தப் பள்ளியின் முதுகெலும்பு. எழுத்து என்பது வெளிக்கோடு அன்று, எழுதுகோலின் ஓர் இழுப்பு என்பது அதன் சாரம். பட்டைமுனையின் கோணத்தால் வரும் தடிப்பு ஒன்று, கூர்முனையை அழுத்துவதால் வரும் தடிப்பு இன்னொன்று என்று அவர் பிரித்துக் காட்டினார். லத்தீனுக்கு இது அற்புதமாகப் பொருந்துகிறது. எழுத்தாணிக்குப் பொருந்துவதில்லை என்பதால், தமிழை வைத்துக்கொண்டு நான் அங்கே நிறையவே திணறினேன். ஒரு மாதம் முழுக்கப் பட்டைமுனையை வெவ்வேறு கோணங்களில் பிடித்துத் தமிழ் எழுதிப் பார்த்தேன். லத்தீனுக்கு வழக்கமான முப்பது பாகைக் கோணத்தில் நெடுங்கோடுகள் கனத்து, கிடைக்கோடுகள் மெலிந்தன. க, த போன்றவை தாங்கின, ண-வின் சுழிகள் சாய்வாகப் பிதுங்கின. முனையைச் செங்குத்தாகத் திருப்பியதும் கிடைக்கோடுகள் கனத்து எழுத்து தரையில் ஊன்றி நின்றது, ஆனால் ட-வும் ப-வும் அடிப்பாரம் கூடிப்போயின. ஒரே கோணம் எல்லா எழுத்துக்கும் சரிவரவில்லை என்பதைக் கையே கண்டுபிடித்தது. அதைப் படித்துத் தெரிந்துகொண்டிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

இலக்கியம் அச்சிடும் நூலெழுத்துருதான் உங்கள் நோக்கம் என்றால், வளவன், உங்களுக்கு ரெடிங்கே பொருத்தம் என்பது என் கருத்து. உங்களுக்கு வேண்டியது தமிழ் அச்சுச் சான்றோடு நேரம் செலவிடுவதும் அதை எழுதி விளக்கப் பழகுவதும்தான். கைப்பயிற்சியை ஊரிலேயே தொடங்கலாம். எரிக் வான் பிளாக்லாண்டின் டைப்குக்கர் தளம், “அகலம் குறைவு, கனம் அதிகம், தடிப்பு வேறுபாடு தலைகீழ்” என்பதுபோல் சீட்டெடுத்துக் கொடுக்கும். அதன்படி தாளில் வரைய வேண்டும். தினம் ஒன்று வரையுங்கள், லத்தீனிலும் தமிழிலும். பிரான்சின் நான்சி நகரிலும் சுவிட்சர்லாந்தின் லோசானிலும் நல்ல இடங்கள் உள்ளன. நான்சியில் இருப்பது பெரும்பாலும் ஆய்வுக்கானது.

மீனாட்சி எழுதியது:

லத்தீன் பலவீனம் என்பதற்காகத் தயங்காதீர்கள். என்னோடு சேர்ந்தவர்களில் முழு லத்தீன் எழுத்துருவை முன்பே முடித்திருந்தவர்கள் சிலர்தான். n, o, a என்ற மூன்று எழுத்துகளைப் பழக்கமான ஒரு நூலெழுத்துருவின் தாளத்தில் வரையக் கற்றாலே போதுமான தொடக்கம். தமிழுக்குச் சாய்வெழுத்து மரபு இல்லை என்பதால், லத்தீனின் சாய்வெழுத்துக்கு இணையாக எதை வைப்பது என்ற கேள்வி அங்கே உங்களைத் துரத்தும்; இப்போதே யோசித்து வையுங்கள். நான் கனத்தைச் சற்றே கூட்டி வேறுபடுத்தினேன், அதில் எனக்கு இன்றும் முழு நிறைவில்லை.

விண்ணப்பத்தில் முடிந்த எழுத்துருவைவிட முடியாத எழுத்துருவின் படிநிலைகள் அதிகம் பேசும். முதல் வரைவு, அச்சிட்ட பக்கத்தின் மேல் சிவப்பு மையால் நீங்களே போட்ட திருத்தம், திருத்திய வடிவம் ஆகியவற்றைக் காட்டுங்கள். பெரியசாமி ஐயா சொன்னதைக் கேட்டு நீங்கள் எழுத்தின் கனத்தை மாற்றப் போகிறீர்கள் அல்லவா, அந்த மாற்றத்தை அப்படியே பதிவு செய்து வையுங்கள்.

பணம் பற்றி வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். வெளிநாட்டு மாணவர்களுக்கான கட்டணம் உள்நாட்டவருக்கு உள்ளதைவிட மிக அதிகம். வீட்டை அடகு வைத்துப் போக வேண்டிய படிப்பாக இதை நான் கருதவில்லை. இந்தத் துறையில் நிலையான வேலைகள் குறைவு. அகமதாபாத்தின் இந்தியன் டைப் ஃபவுண்ட்ரி, மும்பையின் ஏக் டைப், பெங்களூருவின் யுனிவர்சல் தர்ஸ்ட் போன்ற சில நிறுவனங்களே இருக்கின்றன. என்னைப் போன்ற மற்றவர்கள் தனியாக வேலை எடுத்துச் செய்கிறோம். பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகை ஓராண்டு முதுகலைக்கென்றே உள்ளது. அதற்கு இரண்டு ஆண்டுப் பணி அனுபவம் வேண்டும், படிப்பு முடிந்ததும் இரண்டு ஆண்டுகள் சொந்த நாட்டில் இருக்க வேண்டும். உங்களிடம் ஐந்து ஆண்டு அனுபவம் இருக்கிறது. ஊர் திரும்புவதுதான் எண்ணமும் என்றால் அந்த நிபந்தனை உங்களுக்குச் சுமை இல்லை. உதவித்தொகை கிடைக்காவிட்டால், சிவரஞ்சன் சொன்ன கோடைப் பயிற்சியும் தரமணி நூலகமும்தான் நான் சொல்லும் வழி.

ஆய்வுக் கட்டுரைக்கான தலைப்பை இங்கிருந்தே கொண்டுபோங்கள். அங்கே போய்த் தேடினால் நேரம் போதாது. தரங்கம்பாடியையே எண்ணிப் பாருங்கள். அங்கிருந்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்குவின் அச்சகத்துக்காக ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் மிகப் பெரியவையாக இருந்தன. அவற்றில் அச்சிட்டால் காகிதம் போதாது. எனவே பாலாடைக்கட்டி பொதிந்து வந்த ஈய உறைகளை உருக்கி, உள்ளூரிலேயே சிறிய எழுத்துகளை வார்த்து, 1715-இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார்கள். எழுத்து சிறியதாக வேண்டும் என்ற நெருக்கடியில் அவர்கள் ண-வின் சுழியை என்ன செய்தார்கள் என்பது, முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு உங்கள் மேசையில் கிடக்கும் அதே கேள்வி. அல்லது பெரியசாமி ஐயா சொன்னபடி, 1978-க்குப் பிறகு பாடநூல்களில் வரியின் நீளமும் எழுத்தின் அகலமும் எவ்வாறு மாறின என்று அளந்து எழுதலாம். அதைச் செய்ய அச்சகத்தில் இருந்தவர்களிடம் இப்போதே பேச வேண்டும். ஐயா இசைந்தால், முதல் உரையாடலை அவரிடமிருந்தே தொடங்குங்கள்.

இதற்கிடையில் ஒன்று செய்யுங்கள். ண-வையும் ஞ-வையும் அகலப்படுத்திய பிறகு, ஒரே பத்தியை 9, 10, 11 பாயிண்டுகளில், உங்கள் பதிப்பகம் பயன்படுத்தும் அதே தாளில் அச்சிட்டு, தாள்களை எனக்கு அஞ்சலில் அனுப்புங்கள். முகவரியைத் தனிமடலில் தருகிறேன். பிடிஎஃப் வேண்டாம், திரையில் பார்த்தால் நானும் உங்களைப் போலவே ஏமாந்துவிடுவேன்.

பெரியசாமி எழுதியது:

தம்பி மதுரைப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வரலாம். 8 பாயிண்டிலும் 12 பாயிண்டிலும் கொஞ்சம் ஈய எழுத்து ஒரு டப்பாவில் வைத்திருக்கிறேன். துதிக்கை லை அதில் இருக்கிறது.